முகநூலுக்கு அடையாள அட்டை கேட்டால் போலிக் கணக்கு ஒழியுமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அவருடைய தங்கையின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அவள் பெயரிலேயே யாரோ முகநூலில் கணக்குத் திறந்திருக்கிறார்கள். ஊரவர்களுக்கு நட்பு அழைப்பு போகிறது. ஏற்றுக்கொண்டவர்களுக்கு வாயால் சொல்லக் கூசும் செய்திகள் போகின்றன. மூன்று வாரமாக அவள் வேலைக்குப் போகவில்லை. "அடையாள அட்டை இலக்கம் கொடுக்காமல் எவரும் சமூக வலைத்தளத்தில் கணக்குத் திறக்க முடியாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? நேர்மையாக நடக்கிறவனுக்கு முகமூடி எதற்கு?" என்று கேட்கிறார்.

இதைச் செய்தவனை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. கோபத்தில் அது இன்னொரு கேள்வியோடு கலந்துவிட்டது: எல்லோருடைய பெயரும் அரசாங்கத்தின் கையில் இருக்க வேண்டுமா? முதலாவதற்கு என் பதில், பிடிக்கலாம், அதற்கான சட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது என்பது. இரண்டாவதற்கு என் பதில், வேண்டாம் என்பது. இரண்டும் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு ஆண்டுகளாகச் சட்டத்தரணியாக இருக்கிறேன். நீதவான் நீதிமன்ற வேலைதான் அதிகம். முதல் ஆறேழு ஆண்டுகள் காணி வழக்கும் தாபரிப்பு வழக்குமாகப் போயின. கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்த பிறகு, இந்த மாதிரி முறைப்பாடுகளோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். நான் கணினி நிபுணர் அல்லன். தொழில்நுட்பம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் வழக்குகளில் நிபுணர்கள் சாட்சியம் சொல்லக் கேட்டும், அவர்களிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டவை. தம்பி, உங்கள் தங்கையின் ஆவணங்களைப் பார்க்காமல் அவருடைய வழக்கு எப்படி முடியும் என்றும் சொல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். கையில் பொலித்தீன் பை, அதற்குள் போட்டோக்கொப்பிக் கடையில் அச்சடித்த பதினாலு தாள்கள். எல்லாம் தொலைபேசித் திரையைப் பிடித்த படங்கள், கறுப்பு வெள்ளையில். மேல் மூலையில் பற்றரி பதினொரு சதவீதம் என்று தெளிவாகத் தெரிகிறது, நேரம் தெரிகிறது. எந்த நாள் என்று தெரியவில்லை, கணக்கின் இணைய முகவரி ஒரு தாளிலும் இல்லை. அதற்கு முன் அவர் போன ஒரு பொலிஸ் நிலையத்தில், "பிள்ளையின் போனை வாங்கி வையுங்கள், தானாக அடங்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் தேடிப் பார்த்தபோது அந்தக் கணக்குப் பெயரை மாற்றிக்கொண்டு வேறு யாரோவாக நின்றது. பெயர் மாறினாலும் முகநூல் ஒவ்வொரு கணக்குக்கும் கொடுக்கும் உள் இலக்கம் மாறாது. அந்த இலக்கம் மட்டும் ஒரு தாளில் இருந்திருந்தால் முதல் நாளே வேலை தொடங்கியிருக்கும். நான்கு மாதம் அப்படியே வீணாகப் போனது. கடைசியில் ஆளைக் கண்டுபிடித்தபோது, அவன் அந்த வீட்டில் சாப்பிட்டுப் போகிறவன். என்னிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான் முடிந்திருக்கின்றன: பழைய நண்பன், கேட்டு மறுக்கப்பட்டவன், சொந்தக்காரன். இது என் அலுவலக அனுபவம் மட்டும்தான், நாட்டுக் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த முகமூடி ஊருக்குத்தான். முகநூல் நிறுவனத்துக்கு முன்னால் அவன் அவ்வளவு மறைந்தவன் அல்லன். கணக்குத் திறக்கக் கொடுத்த தொலைபேசி இலக்கம் அல்லது மின்னஞ்சல், எந்தக் கருவியிலிருந்து எத்தனை மணிக்கு நுழைந்தான், எந்த ஐ.பி. முகவரி (இணையத்தில் சேரும்போது கிடைக்கும் இலக்கம்) வழியாக நுழைந்தான் என்பதெல்லாம் அவர்களிடம் பதிவாகிறது. அந்த ஐ.பி. முகவரியையும் நேரத்தையும் கொண்டு உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்திடம் போனால், அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்திய சிம் யாருடையது என்று தேடலாம். இலங்கையில் சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. கைத்தொலைபேசி இணையத்தில் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆகையால் நேரம் நொடிக் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். இணைப்பை வேறிடம் வழியாகத் திருப்பி இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். செயலியை அவன் போட்டிருந்தால் பாதை வெளிநாட்டில் போய் நின்றுவிடலாம். ஆனால் கோபத்திலும் பழிவாங்கலிலும் இதைச் செய்கிறவன் ஒவ்வொரு முறையும் கவனமாக இருப்பதில்லை. ஒரு நாள் மறந்தால் போதும்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா என்றால், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. நீதவானின் ஆணை பெற்று, சேவை வழங்குநரிடமிருந்து சந்தாதாரர் விபரத்தையும் தொடர்புப் பதிவுகளையும் பெற அது வழி செய்கிறது. தகவல் அழிந்துவிடாமல் பாதுகாக்கும்படி எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவும் அதில் இடமுண்டு. இணையக் குற்றம் தொடர்பான புடாபெஸ்ட் சமவாயத்தில் இலங்கை 2015 இல் சேர்ந்தது, தெற்காசியாவில் முதல் நாடாக. வெளிநாட்டு நிறுவனத்திடம் கேட்பதற்கு அதுவும் ஒரு கதவு. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. முதலில் ஒரு குற்றம் நடக்க வேண்டும், பிறகு ஒருவர் முறைப்பாடு செய்ய வேண்டும், பிறகு ஒரு நீதவானிடம் காரணம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரே ஒருவனுடைய முகமூடி கழற்றப்படுகிறது. நீங்கள் கேட்கும் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. குற்றம் நடக்கும் முன்பே எல்லோருடைய முகமூடியையும் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

அப்படிச் செய்த நாடு ஒன்று உண்டு. தென்கொரியா 2007 இல் பெரிய இணையத்தளங்களில் எழுதுகிறவர்கள் தங்கள் உண்மையான அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. உங்கள் தங்கையைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள், நோக்கம் கெட்டதல்ல. 2011 இல் அங்குள்ள ஒரு பெரிய சமூக வலைத்தளத்திலிருந்தும் அதோடு சேர்ந்த இணையத்தளத்திலிருந்தும் ஏறத்தாழ 3 கோடி 50 லட்சம் பேருடைய விபரங்கள் திருடப்பட்டன. 2012 ஓகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக இரத்துச் செய்தது. பேச்சுரிமைக்கு ஏற்படும் இழப்பு பெரிது, கெட்ட எழுத்து குறைந்ததற்குப் போதிய சான்று இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எங்கள் ஊரில் அடையாள அட்டையின் பிரதி எத்தனை கடைகளில் கிடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிம் வாங்கிய கடை, நகை அடகு வைத்த இடம், லீசிங் கம்பனி, போட்டோக்கொப்பிக் கடையின் குப்பைக் கூடை. உங்கள் தங்கையின் படத்தைத் திருடியவனுக்கு இன்னொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தைத் திருடுவது பெரிய வேலை இல்லை. அப்போது பொலிஸ் தேடிப் போவது சம்பந்தமே இல்லாத ஒருவருடைய வீட்டை. முகநூலே கூட, அன்றாட வாழ்வில் உங்களை அழைக்கும் பெயரில்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதி இருக்கும்போதுதான் உங்கள் தங்கையின் பெயரில் கணக்குத் திறக்கப்பட்டது.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். நேர்மையானவனுக்கு முகமூடி எதற்கு என்று கேட்டீர்கள். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர் தன் சொந்தப் பெயரில் முகநூலில் ஒரு பதிவு எழுதினார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். அதற்காகக் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நேர்மையான மனிதர், முகமூடி இல்லை. நீதி கிடைக்க மூன்றரை ஆண்டுகள் ஆயின.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் வயதினர் சிலருக்கு இது கேள்விப்பட்ட கதையாகவே இருக்கும். போர்க்காலச் சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் எங்களை வெயிலில் வரிசையாக நடத்துவார்கள். எதிரே சாக்கால் முகத்தை மூடிய ஒருவர் நிற்பார், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவர் தலையை ஆட்டினால் நீங்கள் லொறியில் ஏற வேண்டியதுதான். நான் பள்ளிக்கூடப் பையனாக அந்த வரிசையில் நடந்திருக்கிறேன். எங்கள் பெயர், வயது, வீட்டு இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்களுடைய தாளில் இருந்தது. முகமூடி அவர்கள் பக்கத்தில் இருந்தது. பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறவர் நல்லவராக இருக்கலாம். அடுத்த ஆட்சியில் அது யாருடைய மேசைக்குப் போகும் என்பதற்கு அவரால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அவர் எழுதுவது எது, இருப்பது எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தராகி என்ற புனைபெயரில் எழுதிய ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டபோது அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது வெகுநாட்களாக வெளிச்சமாகியிருந்தது. முகம் மறைத்து எழுதுவது எங்களுக்குச் சில காலம் உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. இன்றைக்கும் தன் அலுவலகத்தில் நடக்கும் ஊழலை, தன் வீட்டில் நடக்கும் வன்முறையை, கோயிலில் நடக்கும் சாதி ஒதுக்கலைச் சொந்தப் பெயரில் எழுத முடியாத பெண் ஒருத்தி உங்கள் ஊரிலேயே இருக்கிறாள்.

மொட்டைப் பெட்டிசத்தின் மண் இது என்பதையும் நான் மறக்கவில்லை. பெயரில்லாத கடிதம் ஒன்று கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது, ஆசிரியரை இடமாற்றியிருக்கிறது, உயிரை எடுத்திருக்கிறது. முகமூடி புனிதமானது என்று நான் வாதாடவில்லை. மொட்டைக் கடிதம் வருகிறது என்பதற்காகத் தபாற்பெட்டியில் போடும் ஒவ்வொரு கடிதத்திலும் அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அரசாங்கம் கைகட்டி நிற்க வேண்டும் என்பதும் என் கருத்தல்ல. 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகிலுள்ள திகனையில் வன்முறை நடந்தபோது, முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவுகள் முறைப்பாடு செய்யப்பட்டும் முகநூலில் அப்படியே கிடந்தன. அவற்றை வாசித்து நீக்கச் சிங்களம் தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் போதாமல் இருந்தார்கள். 2020 மே மாதம் அந்த நிறுவனம் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. அரசாங்கம் அப்போது செய்தது சமூக வலைத்தளங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கியது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் வீதிக்கு இறங்கியபோது மறுபடியும் முடக்கியது, அன்றைக்கு வன்முறைப் பதிவுகள் என்ற காரணம்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் வி.பி.என். தெரிந்தவர்கள் தொடர்ந்து எழுதினார்கள், தெரியாத அம்மாக்கள் வெளிநாட்டுப் பிள்ளையோடு வாட்ஸ்அப்பில் பேச முடியாமல் தவித்தார்கள். சட்டம் நிறுவனத்தின் கழுத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது என்பதுதான் என் குறை. தமிழில் வரும் முறைப்பாட்டை இத்தனை மணி நேரத்தில் தமிழ் தெரிந்த மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும், நீதிமன்றக் கட்டளைக்கு இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், தவறினால் தண்டம் என்று நிறுவனங்களுக்கு ஒரு சட்டம் வந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

வந்த சட்டம் வேறு. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 2024 ஜனவரி 24 ஆம் திகதி நாடாளுமன்றத்தில் 108 பேர் ஆதரித்தும் 62 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார். அதற்கு முன் உயர் நீதிமன்றம் பல பிரிவுகளைத் திருத்தச் சொல்லியிருந்தது. சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து தோற்றது. இந்தச் சட்டத்தில் உங்கள் தங்கைக்கு உதவக்கூடிய பகுதி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இணையத்தில் ஆள்மாறாட்டம், தனிப்பட்ட விபரங்களை வெளியிட்டுத் தொல்லை கொடுத்தல் இரண்டும் குற்றங்கள். பாதிக்கப்பட்டவர் மனுவோடும் சத்தியக்கடதாசியோடும் நேரே நீதவானிடம் போய், பதிவு பரவாமல் தடுக்கும் கட்டளை கேட்கலாம். நான் பயப்படும் பகுதி வேறு. தேசிய பாதுகாப்புக்கு அல்லது பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தலான 'பொய்யான கூற்று' ஐந்தாண்டு வரை சிறையைக் கொண்டுவரலாம். எது தடைசெய்யப்பட்ட கூற்று என்று முதலில் பார்ப்பது ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, அந்த நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்றாலும். போரின் கடைசி மாதங்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலேயே அரசும் நாங்களும் ஒத்துப்போகாத நாட்டில், அதைப் பற்றி எழுதும் ஒருவருக்கு 'பொய்' என்ற சொல் என்ன செய்யும் என்று யோசியுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் முகநூலில் படம் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளைகள் கைதாகியிருக்கிறார்கள். அது 1979 இல் 'தற்காலிக ஏற்பாடு' என்று வந்த சட்டம். தனிப்பட்ட விபரங்களைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய பகுதிகளோ, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டன. எங்கள் விபரத்தைக் காக்கும் சட்டமே அப்படித் தள்ளிப்போயிருக்க, விபரத்தைக் கேட்கும் சட்டத்துக்கு மட்டும் நான் எப்படிக் கை தூக்குவது?

சட்ட எண்கள், திகதிகள், நீதவானின் அதிகாரம் இவை உறுதியானவை. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் 'பொய்' என்பதை எங்கள் நீதிமன்றங்கள் எவ்வளவு குறுக்கி அல்லது விரித்து வாசிக்கும் என்பது இன்னும் தீராத விடயம். வெளிநாட்டு நிறுவனம் உங்கள் தங்கையின் விடயத்தில் எத்தனை நாளில் பதில் சொல்லும் என்பதும் அப்படித்தான். சில கோப்புகளில் வாரங்களில் வந்தது, ஒன்றில் வரவேயில்லை.

இப்போது செய்ய வேண்டியது. கணக்கை முறைப்பாடு செய்து நீக்கச் சொல்லும் முன் சான்றைப் பிடியுங்கள், கணக்குப் போனால் உங்கள் கையில் இருந்ததும் போய்விடும். தொலைபேசியில் பிடிக்காமல், கணினியில் உலாவியைத் திறந்து, மேலே முழு இணைய முகவரியும் நாளும் நேரமும் தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் பிடியுங்கள். செய்தி பெற்ற ஊரவர் இருவரிடம் அவர்களுடைய தொலைபேசியில் உள்ளதை அழிக்க வேண்டாம் என்று கேளுங்கள், அவர்கள் சாட்சிகள். பிறகு முகநூலின் ஆள்மாறாட்ட முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். அந்தரங்கப் படங்கள் ஏதும் பரவும் பயம் இருந்தால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை உண்டு. படத்தை அனுப்பாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் கொடுத்துப் பல தளங்களில் தடுக்கலாம். பொலிஸில் முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் திரும்ப வேண்டாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கு எழுத்திலும் அனுப்புங்கள். பொலிஸ் கேட்டால் முகநூல் நிறுவனம் கணக்கின் பதிவுகளை 90 நாள் பாதுகாத்து வைக்கும், அதை நீங்களோ நானோ கேட்க முடியாது. ஆகையால் அந்தக் கோரிக்கையை அனுப்பினார்களா என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். பெண்கள் உதவி இலக்கம் 1938.

இவ்வளவும் செய்வதற்கு முன் தங்கையிடம் கேளுங்கள். முறைப்பாட்டாளர் அவர்தான், நீங்கள் அல்ல. நீங்கள் எழுதிய கேள்வியில் அவர் என்ன விரும்புகிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை. அவரே அலுவலகத்துக்கு வருவதானால், தாள்களைப் பையில் போடும்போது முதல் தாளின் மேல் விளிம்பில் இணைய முகவரி தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.